பெடல் மிதிக்க ஓர் ஆள்

என்னங்க,

உங்கள் முதுகுவலி தேவலையா? சின்னவளின் இருமல் நின்றதா? நான் நலம். போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

இந்தத் தூர ஊரில் நான் வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோகும் பழைய காரில் பிரேக் சரியில்லை. மலிவாகத் தேடி டிஸ்க், பேட், பிரேக் ஆயில் போகும் ஓஸ் எல்லாம் வாங்கினேன். மெக்கானிக் கூலிக்கு வழியில்லை, நானே மாட்டினேன். உங்கள் பெண்டாட்டி அல்லவா! ஆனால் ஓஸில் புகுந்த காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டுமே: பெடலை மிதித்துப் பிடிக்க ஒருவர், கீழே படுத்துக் காற்று வெளியேற நிப்பிளைத் திறக்க ஒருவர். மூன்று வீட்டுக் கதவைத் தட்டினேன், யாரும் வரவில்லை. துடைப்பக்கட்டையைப் பெடலுக்கு முட்டுக் கொடுத்துச் செய்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். வண்டி நிற்காமல் போய்ச் சுவரில் இடித்தது. விளக்குதான் போயிற்று, எனக்கு ஒன்றுமில்லை.

“நாளைக்கு வண்டி இல்லேன்னா வேலையும் இல்ல” என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுபடி காற்றெடுக்க எந்தச் சக்கரத்தில் ஆரம்பிக்க வேண்டும்? உடனே சொல்லுங்கள்.

அங்கே ஊரில், நம் பட்டறையில் பிரேக்குக்குக் காற்றெடுக்கும்போது நீங்கள் வண்டிக்கு அடியிலிருந்து “மிதி, மிதி” என்று கத்துவீர்கள். “மிதிச்சிட்டேங்க” என்று சலித்துக்கொண்டே சொல்வேன்.

மழை தூறுகிறது, கழற்றிய சக்கரம் வெளியே கிடக்கிறது, ஓடுகிறேன்.

அங்கே இப்போது உங்களுக்குப் பெடல் மிதிப்பது யார்?