நான் சொன்ன விதி

அக்கா,

நேற்றுக் காலை ஒரு பழைய கோப்பு என் மடிக்கு வந்து சேர்ந்தது. மாவட்ட அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண் கொண்டுவந்தாள். நம் பகுதியின் சுற்றுச்சூழல் ஆலோசனைக் குழுவை மறுபடி கூட்டப்போகிறார்களாம். முதன்முதலில் அதை அமைத்தபோது நான்தான் செயலாளர் என்பதால் விவரம் கேட்க வந்திருந்தாள். கோப்பைத் திறந்ததும் ஈரம் ஏறிய தாளின் வாடை எழுந்தது. உறுப்பினர் பட்டியலில் ஒன்பதாவது வரியில், தட்டச்சுப் பிழையை மறைக்கப் பூசும் வெள்ளை மை காய்ந்து வெடித்திருந்தது. அதன்மேல் அடித்த பெயர் பாதி உதிர்ந்துபோய், அடியில் உங்கள் பெயரின் கடைசி எழுத்துகள் தெரிந்தன.

"முதல் ஆட்களை எப்படித் தேர்ந்தெடுத்தீங்க, மிஸ்யே?" என்று மரியாதையோடு கேட்டாள் அந்தப் பெண்.

"முறைப்படிதான்" என்றேன்.

அவள் அதை எழுதிக்கொண்டு போய்விட்டாள். நான் இரவுச் சாப்பாட்டைக்கூடத் தொடவில்லை. உங்களுக்கு எழுதுவது என்று இன்று காலையில்தான் முடிவு செய்தேன்.

அதே மாவட்ட அலுவலகத்தில் நான் எழுத்தர் வேலை பார்த்தபோது நீங்கள் முதன்முதலில் என் மேசைக்கு வந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். எண்பதுகளின் பிற்பகுதி. மேட்டிலிருக்கும் கியூர்பிப் நகரிலிருந்து சரிவில் இறங்கினால் ஆற்றோரம் கிடக்கும் நம் ஊரில் பின்னலாடை ஆலை வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊர்ப் பெண்களில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை. நீங்களும் அங்கே கம்பளிச் சட்டைகளுக்குக் கை மூட்டிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் வீட்டுக்காரர் ஆற்றின் ஆழமில்லாத பகுதியில் பாத்தி கட்டி கிரெசோன் கீரை வளர்த்துச் சந்தைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். தீவின் தலைநகரான போர்ட் லூயியில், டிராங்கெபார் பேட்டையின் நெருக்கடியான சந்தில் பிறந்து வளர்ந்து இந்த ஊருக்கு வாழ வந்தவர் நீங்கள். கல்யாணமாகி வந்த அன்றுதான் ஓடும் தண்ணீரில் முதன்முதலாகக் கால் வைத்தேன் என்று சொல்வீர்கள்.

அன்று ஆலைச் சீருடையோடு வந்து ஒரு சோடா பாட்டிலை என் மேசைமேல் வைத்தீர்கள். உள்ளே கருநீலத் தண்ணீர்.

"என்னக்கா இது, மையா?"

"லாரிவியேர்" என்றீர்கள். ஆறு. "நேத்து சிவப்பு. போன வாரம் பச்சை. எந்தக் கலருக்கு ஆர்டர் வந்திருக்குன்னு நான் உள்ளே போய்க் கேக்கவே வேணாம் தம்பி, துணி துவைக்கிற கல்லுல நின்னாலே தெரிஞ்சிடும்."

நாம் பேசியதெல்லாம் தீவில் எல்லோரும் பேசும் கிரியோல்தான். அக்கா, தம்பி என்ற இரண்டு சொற்கள் மட்டும் தமிழ். அந்த இரண்டு சொற்களுக்காகவே நீங்கள் மற்ற எழுத்தர்களை விட்டுவிட்டு என்னிடம் வந்தீர்கள்.

அந்தச் சமயத்தில்தான் தலைநகரிலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு பகுதியிலும் சுற்றுச்சூழலைக் காக்க ஓர் ஆலோசனைக் குழு வேண்டும். ஆலை, கரும்புத் தோட்டம், விடுதி, மீனவர், பள்ளி, பெண்கள், ஊர்மக்கள் என்று எல்லாத் தரப்பிலிருந்தும் ஆட்கள் வேண்டும். அறிவிப்பு ஒட்ட வேண்டும், பெயர்களை வாங்க வேண்டும், பட்டியலை மாவட்டத் தலைவர் கையெழுத்தோடு மேலே அனுப்ப வேண்டும். அந்த வேலை முழுவதும் என் தலையில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து சுற்றறிக்கையை உங்களுக்குப் படித்துச் சொன்னேன். நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள்.

"இந்தக் குழு சொன்னா ஆலை கேக்கணுமா?"

"கேக்கணும்னு இல்லக்கா. ஆலோசனைதான். ஆனா எழுத்துல இருக்கும். பதில் சொல்லாம இருக்க முடியாது."

"அப்போ ஆத்துல கால் வைக்கிற ஆள் ஒருத்தராவது அந்த மேசையில உக்காரணும்."

"நீங்களே உக்காருங்க" என்றேன். நான்தான் சொன்னேன், அக்கா. நீங்கள் கேட்கவில்லை. நான் சொன்னதும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, வெட்கத்தோடு உங்கள் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தீர்கள். அவர், "போ, போய்ப் பேசு, என் கீரையைப் பத்தியும் சொல்லு" என்று சிரித்தார். மறுநாளே பெண்கள் பிரதிநிதி என்ற இடத்தில் உங்கள் பெயரைத் தட்டச்சு செய்தேன்.

பட்டியலைத் தலைவரிடம் வைத்தேன். அவர் விரல் ஒன்பதாவது வரியில் நின்றது.

"இந்தப் பொண்ணு ஆலையில வேலை செய்யுது. அங்கேயே சம்பளம் வாங்கிட்டு அவங்களையே குத்தம் சொல்லுமா? ஆலைக்காரங்க மனசு நோகக் கூடாது. நாளைக்கு வேற ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டா என்ன பண்ணுவே?" என்றார். பிறகு, குரலை மாற்றாமலே, "உன்னை நிரந்தரமாக்குற கடிதம் இங்கேதான் இருக்கு, பாத்தியா?" என்றார்.

அவ்வளவுதான். மிரட்டல் இல்லை, கத்தல் இல்லை. என் இடத்துக்குத் திரும்பி, வெள்ளை மையைப் பூசி, அது காய ஊதிக்கொண்டிருந்தேன். அதன்மேல் ஆலை நிர்வாகியின் மனைவி பெயரை அடித்தேன். அந்த அம்மாள் கியூர்பிப்பில் குடியிருந்தார். நம் ஆற்றைப் பாலத்தின் மேலே காரில் போகும்போது பார்த்திருப்பார்.

உங்களிடம் எப்படிச் சொல்வது என்று நான்கு நாட்கள் யோசித்தேன். தலைவர் மறுத்துவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் நேரே அவரிடம் போவீர்கள். அப்போது என் கதி என்ன? ஆலை விட்டு நீங்கள் வரும் வழியில் பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்தேன்.

"அக்கா, ஒரு விதி இருக்காம். உறுப்பினருக்கு இங்கிலீஷ் எழுதப் படிக்கத் தெரியணுமாம்."

கூட வேலை செய்யும் பெண்கள் பக்கத்திலேயே நின்றிருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படி சொல்லிவிட்டேன். வேண்டுமென்று இல்லை, ஆனால் குரலைத் தாழ்த்தவும் இல்லை. உங்கள் முகம் சிவந்தது. சின்ன வயதிலேயே பள்ளியை விட்டுத் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டவர் நீங்கள். கையெழுத்து மட்டும்தான் போடுவீர்கள். அதைத் தெரிந்துகொண்டுதான் அந்த விதியை உண்டாக்கினேன்.

"விதின்னா நீ என்ன செய்வே தம்பி" என்றீர்கள். என்னைத் தேற்றினீர்கள்.

குழு கூடியது. சாலையோரம் காகிதப்பூச் செடி நட்டது. கடற்கரைக்குப் போகும் வழியில் குப்பைத் தொட்டிகள் வைத்தது. ஆறு என்ற சொல் அதன் நடவடிக்கைக் குறிப்பில் ஒருமுறைகூட இல்லை. குறிப்பை எழுதியவன் நான், எனக்குத் தெரியும். இரண்டு ஆண்டுகள் அப்படிப் போயின. கிரெசோன் இலைகள் மஞ்சளாகி, வேர் அழுகி, வாங்குவார் இல்லாமல் போயிற்று. உங்கள் வீட்டுக்காரர் பாத்திகளைக் கைவிட்டு, கடற்கரை விடுதியொன்றில் தோட்ட வேலைக்குச் சேர்ந்தார். விடியும் முன் வேனில் ஏறிப் போய், விளக்கு வைத்தபின் வருவார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் நான் தெருவின் மறுபக்கம் போனேன்.

இதற்கிடையில் நீங்கள் செய்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. வேலை முடிந்து ஊர் மன்றத்தில் பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்புக்குப் போயிருக்கிறீர்கள். உங்கள் மகளின் பள்ளிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, சமைக்கும்போது அவளிடமே சொல் கேட்டிருக்கிறீர்கள்.

குழுவின் காலம் முடிந்து, புதிய பெயர்களைக் கேட்டு அறிவிப்பு ஒட்டினேன். அந்த வாரம் ஒரு பிற்பகல் நீங்கள் அலுவலகத்துக்கு வந்தீர்கள். என்னிடம் வராமல் நேரே அறிவிப்புப் பலகைக்குப் போனீர்கள். ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து, உதடு அசைய, ஆங்கிலத்தில் படித்தீர்கள். என் இடத்திலிருந்து நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்து வந்து நடுவில் நிற்கலாமா, தொலைபேசியை எடுத்துப் பேசுவதுபோல் நடிக்கலாமா என்றெல்லாம் தோன்றியது. கடைசி வரி வரை படித்தீர்கள். மறுபடி மேலிருந்து ஒருமுறை படித்தீர்கள். பிறகு என்னிடம் வந்தீர்கள்.

"இந்தப் பகுதியில குடியிருக்கிற யார் வேணும்னாலும் பேர் குடுக்கலாம்னு போட்டிருக்கு. நான் சரியாத்தானே படிச்சேன்?"

"சரிதான் அக்கா."

"இங்கிலீஷ் தெரியணும்னு எங்கேயும் இல்லையே. விதியை மாத்திட்டாங்களா?"

ஆம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். தலையைக் குனிந்துகொண்டேன். கோபப்படுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். அதற்காகக் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

"பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாமே" என்றீர்கள். "பயம் எனக்குத் தெரியாததா? நானும் அங்கேதானே வேலை செய்யறேன்."

விண்ணப்பத் தாளை வாங்கி, என் பேனாவை வேண்டாமென்று விலக்கி, உங்கள் பையிலிருந்த பென்சிலால் அங்கேயே நிரப்பினீர்கள். ஆற்றோரத்து வீடுகள் அத்தனையும் உங்களுக்காகக் கையெழுத்திட்டன. இந்த முறை தலைவரால் மறுக்க முடியவில்லை.

குழுவில் எனக்கு எதிரே உட்கார்ந்தீர்கள். முதல் கூட்டத்திலேயே ஆற்றைப் பற்றிப் பேசினீர்கள், கிரியோலில். ஆங்கிலத்தில் பேசத் தெரிந்தும் பேசவில்லை. ஆலை உங்களை வேலையிலிருந்து நீக்கவில்லை. காற்று வராத ஒரு மூலைக்கு மாற்றியது. நீங்கள் அதைப் பற்றிக் குழுவில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒன்றரை ஆண்டு கடிதம்மேல் கடிதமாகப் போனபின் ஆலை சாயத் தண்ணீரைத் தேக்கி வடிக்க ஒரு குளம் வெட்டியது. ஆற்றில் நிறம் மெல்லக் குறைந்தது. கீரை மட்டும் திரும்ப முளைக்கவில்லை. இரண்டு ஆண்டு முன்னால் தொடங்கியிருந்தால் முளைத்திருக்குமா என்று உங்களிடம் கேட்க எனக்குத் துணிவில்லை.

நடந்ததை நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் மரியாதையாகவே பேசினீர்கள். ஆனால் அறிவிப்புப் பலகையின் முன் நின்ற அந்தப் பிற்பகலுக்குப் பிறகு ஒருநாள்கூடத் தம்பி என்று கூப்பிடவில்லை. "செக்ரேத்தேர், போன கூட்டத்துக் குறிப்பை வாசிங்க" என்பீர்கள். செயலாளர் என்று பதவியைச் சொல்லித்தான் மற்ற உறுப்பினர்கள் எல்லோரும் என்னைக் கூப்பிட்டார்கள், அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நான் மட்டும் ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டேன்.

உங்கள் சாவுக்கு வந்திருந்தேன். கூட்டத்தின் பின்னால் நின்றுவிட்டுப் போய்விடலாம் என்று பார்த்தேன். உங்கள் மகள் கண்டுபிடித்துவிட்டாள். இப்போது அவள் கியூர்பிப்பில் ஆசிரியை. இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, அம்மா எழுதப் படிக்கக் கத்துக்கிட்டதுக்கு நீங்கதான் காரணம்னு சொல்வாங்க. நீங்க சொன்ன ஒரு வார்த்தைதான்னு. வேற எதுவும் சொன்னதில்லை. எங்க வீடே உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கு."

பக்கத்தில் நின்றவர்கள் என்னை நல்ல மனிதனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். துக்க வீட்டில் எதற்கு என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு, அவள் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தேன், அக்கா. செய்துவிட்டு அவள் கொடுத்த தேநீரையும் குடித்தேன்.

அந்த நன்றி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கவில்லை. போர்ட் லூயியின் சாந்த் குருவா கோவில் வகுப்பில், நம் முன்னோர் நாட்டிலிருந்து வந்த வாத்தியாரிடம் பத்து ஆண்டு கற்ற தமிழில் இதை எழுதுகிறேன். பக்திக்காகவும் இல்லை, மொழிப் பற்றாலும் இல்லை. என் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. உங்கள் மகளுக்கும் தெரியாது. உண்மையைச் சொல்ல உட்கார்ந்தபோதும் யாரும் படித்துவிட முடியாத ஒரு மொழியைத் தேடி எடுத்திருக்கிறேன்.