விசுவாசப் பிரசங்கமும் கண் மருந்தும்

ராஜபாளையம்,
12-8-1938

பிரியமுள்ள மனைவி ஏசம்மாளுக்கு,

கர்த்தருடைய கிருபையால் சுகமாயிருக்கிறேன். மில் ஆபீஸ் வேலை நடக்கிறது. உன் கண் எப்படி இருக்கிறது?

நீ அச்சுப் பிரதி வாங்கி வைத்துப் படிக்கிறாயே, அதே விசுவாசப் பிரசங்கத்தை அந்தப் பிரசங்கியார் சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரிலும் செய்தார். பஸ் ஏறிப் போய்க் கேட்டேன். காலேஜில் தர்க்கம் படித்த புத்தி சும்மா இருக்கவில்லை. ஜெபத்தால் வியாதி சுகமானவர்களை எழுந்து நிற்கச் சொன்னார், பலர் நின்றார்கள். சுகமாகாதவர்களைக் கேட்கவே இல்லை. அவர்களுக்கு விசுவாசம் போதாது என்று முடித்துவிட்டார். அப்படியானால் எது நடந்தாலும் அவர் சொன்னதுதானே சரியாகும்? எழுந்து கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வாசலில் தைலம் விற்ற அபுபக்கரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "நம்ம கடையிலயும் அதே கததான் சார். சொகமானவுகதான் திரும்பி வந்து சொல்லுதாக. மத்தவுக வேற கடைக்குப் போயிருதாக!"

குறை என் விசுவாசத்தில்தானோ என்றும் யோசிக்கிறேன். ஆனால், மருந்துப் புட்டியைத் தூக்கி எறிவதே விசுவாசம் என்று பிரசங்கியார் சொன்னபோது எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. ஜெபம் பண்ணு, ஏசம்மா. சொட்டு மருந்தையும் ஊற்றிக்கொள். இரண்டுக்கும் சண்டை இல்லை.

நாரத்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு. இங்கே தனியாக உட்கார்ந்து சாப்பிட்டால் சோறு இறங்கவில்லை.

போன கடிதம் அடுத்த வீட்டு அருள்செல்வியின் கையெழுத்தில் வந்தது. உனக்குக் கைவலி என்று இருந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. மருந்தை நிறுத்திக் கண் இன்னும் மங்கிவிட்டதோ? தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். பதிலை நீயே எழுது. வரி கோணினாலும் பரவாயில்லை.

உன்,
வேதசிரோமணி