பதினொரு பித்தளை வில்லைகள்

பகார்
பிப்ரவரி 11, புதன்கிழமை

அன்பு மகள் யசென்காவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, நீ மாடியில் விட்டுப்போன கற்றாழைத் தொட்டி, மூவரும் சுகம். அங்கே நீயும் உன் பதினொரு சிலிண்டர்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பாய். உன் கப்பல் போனில் பாதிப் பேச்சில் லைன் அறுந்துவிடுகிறது, மறுபடி கிடைக்கும்போது நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே மறந்துவிடுகிறது. இப்போது சொல்லப்போவதை அறுபடாமல் சொல்ல வேண்டும். கொஸ்ட்ரேனாவிலிருந்து மார்செலோ திங்கள்கிழமை ஸ்பெயினில் அல்ஹெசிராஸ் துறைமுகத்தில் உங்கள் கப்பலில் ஏறுகிறானாம், அவன் அம்மா தலைக்குச் சாயம் போட வந்தபோது சொன்னாள். அப்போதே அவன் பெட்டியில் இரண்டு கிலோ இடம் கேட்டு வாங்கிவிட்டேன். இந்தக் கடிதத்தோடு வளைய ரொட்டி இருபது வைத்திருக்கிறேன், தேநீரில் நனைத்துத் தின்னு, அப்படியே கடித்தால் பல் போய்விடும். கூடவே துணியில் சுற்றிய ஒரு பொட்டலம் இருக்கும். அதைக் கடிதத்தைப் படித்து முடிக்கும் முன் பிரிக்காதே. நீ பிரித்துவிட்டுத்தான் படிப்பாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

மூன்று வாரத்துக்கு முன் ஒந்தினா கடைக்கு வந்தாள். அவள் புருஷனுக்கு ரியெக்காவில் உங்கள் கம்பெனி ஆபீசில்தானே வேலை. தலையில் பாதிச் சாயம் பூசியிருக்கிறேன், அப்போதுதான் வாயைத் திறக்கிறாள். "நெதெல்கா அக்கா, உங்க யசென்கா அவ்வளவு பெரிய கப்பல நடுக்கடல்ல நிறுத்திட்டாளாமே, ஆறு மணி நேரமாம், எங்க வீட்டுக்காரர் சாப்பிடக்கூட வரல" என்றாள். என் கை அப்படியே நின்றுவிட்டது. யாருக்காவது அடிபட்டதா என்று கேட்டேன், இல்லை என்றாள். பிறகு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, சாயம் ஊறி அவள் தலை கேரட் நிறத்துக்கு வந்துவிட்டது. கார்னிவலுக்கு இப்படியே இருக்கட்டும் என்று போய்விட்டாள். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் திருப்திதான், கெட்ட சேதியை அப்படியா சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவரைத்தான் உனக்குத் தெரியுமே. "கேம் ஷாஃப்ட் இல்லாத எஞ்சின்னா இப்படித்தான், முதுகெலும்ப உருவிட்டு மூளைய மட்டும் வச்சா எப்படி நிக்கும், அன்னிக்கே சொன்னேன்" என்று ஆரம்பித்தார். நீ அந்தக் கப்பலில் ஏறிய நாளிலிருந்து இதே பாட்டுதான். சாப்பாட்டு மேசையில் நீங்கள் இருவரும் இதற்காகவே எத்தனை தட்டு சூப்பை ஆற விட்டிருக்கிறீர்கள். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய போனில் உன் படம் வந்தது. நீ ஆபீசுக்குக் கொடுத்த அறிக்கையின் படம், கீழே 'அப்பா திட்டாதீங்க' என்று ஒரு வரி. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒருமுறை படித்தார், இரண்டாம் முறை படித்தார், மூன்றாம் முறை வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் படித்தார். திட்டவில்லை. போனை என்னிடம் நீட்டினார்.

எனக்கு அதில் பாதி புரியவில்லை. சூப்புக்கு நான் எடுத்து வைத்திருந்த உருளைக்கிழங்கில் பதினொன்றை மேசையில் வரிசையாக அடுக்கி அப்பாதான் விளக்கினார். பழைய எஞ்சினில் ஒரு நீள இரும்புத் தண்டு சுழன்று, இப்போது நீ எண்ணெய் குடி, இப்போது நீ புகை விடு என்று ஒவ்வொரு சிலிண்டருக்கும் சொல்லுமாம். உன் எஞ்சினில் தண்டு கிடையாது, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி, அது சொன்னால்தான் எண்ணெய் போகும், வால்வு திறக்கும். பெட்டிகள் எல்லாம் ஒரே அச்சு. எந்தப் பெட்டி எந்தச் சிலிண்டருக்கு என்று அதற்குச் சொல்வது அதில் செருகும் சின்னச் சாவி ஒன்றுதான். பெட்டி கெட்டால் பெட்டியை மாற்றலாம், சாவி மட்டும் அந்த இடத்திலேயே இருக்க வேண்டும், அதற்காகத்தான் அதைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். உங்கள் கப்பலில் மூன்றிலும் ஐந்திலும் சங்கிலி அறுந்து கிடந்திருக்கிறது. நீ இரண்டு பெட்டியையும் ஒரே நேரத்தில் கழற்றிச் சாவிகளை ஒரே சட்டைப் பையில் போட்டிருக்கிறாய். திரும்பச் செருகும்போது இடம் மாறிவிட்டது. சீருடை போட்ட பிள்ளைகளுக்குப் பெயர் அட்டையை மாற்றிக் குத்தியது மாதிரி, மூன்று தன்னை ஐந்து என்று நினைத்துக்கொண்டு தப்பான நேரத்தில் எண்ணெயை அடித்திருக்கிறது, எஞ்சின் இரண்டு இடி இடித்துவிட்டுத் தானாகவே நின்றுகொண்டது. கரையை நோக்கிக் காற்று இல்லாததால் பிழைத்தீர்கள் என்றார் அப்பா.

சட்டைப் பையில் போடுகிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். நம் வீட்டில் திருகாணி, வீட்டுச் சாவி, காது வளையம் எல்லாம் அப்பாவின் சட்டைப் பையில்தான் கிடைக்கும், துவைக்கும் நான்தான் கண்டுபிடிப்பேன். அந்த ஒன்றை மட்டும் அவரிடமிருந்து கற்றுக்கொள்ளாமல் இருந்திருக்கலாம்.

பிறகு நீ போனில் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தேன். பெட்டியை மூடியது உனக்குக் கீழே வேலை பார்க்கும் ரெனாட்டோ என்பதால் எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள் என்றாய், மணிலாவில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் வாயைத் திறக்காமல் நின்றார் என்றாய். உங்கள் சீஃப் எஞ்சினியர் நல்லெண்ணத்தோடுதான், யார் மேலும் வேண்டாம், மின்னணுக் கோளாறு என்று எழுதி முடித்துவிடலாம், கம்ப்யூட்டரை யார் வந்து குறுக்கு விசாரணை செய்யப் போகிறார்கள் என்றாராம். வசந்த காலத்தில் புதுக் கப்பலில் உன்னைச் சீஃபாக ஏற்றுவதற்கான காகிதம் ஆபீஸ் மேசையில் இருக்கும் நேரம். ஏறினால் நம் ஊரிலிருந்து எஞ்சின் அறையில் முதல் பெண் சீஃப் நீதான், தெரியாமலா இருந்திருப்பாய். அப்படி இருந்தும் நீ எழுதினாயே, மூன்றாம் ஐந்தாம் சாவிகளை இடம் மாற்றிப் போட்டது நான், ரெனாட்டோ செய்தது மூடியது மட்டும், மூடும் முன் சரிபார்த்திருக்க வேண்டியவளும் நான் என்று. அந்த மூன்று வரியை நான் அப்படியே எழுதி எடுத்துக் கடைக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். யார் வந்து உட்கார்ந்தாலும் படிக்காமல் எழுந்திருக்க முடியாது. ஒந்தினா இரண்டு முறை படித்துவிட்டாள். பெருமையாக இருக்கிறதடி, நீ பரீட்சையில் முதலாவதாக வந்தபோதுகூட எனக்கு இப்படி இல்லை.

இனிமேல் சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம். மறுநாள் காலை அப்பா காப்பியைக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கு, "நெதா, உன்கிட்ட முப்பத்தொம்பது வருஷமா ஒண்ணு சொல்லாம வச்சிருக்கேன்" என்றார். எந்தத் துறைமுகத்தில் எவளோ என்றுதான் நினைத்தேன். எவளும் இல்லை, நம் ஃப்ரானே விஷயம். ஆமாம், வியாழக்கிழமை தோறும் மதியம் காப்பிக் கடையில் சீட்டாட்டத்தில் அப்பாவுக்கு ஜோடியாக உட்காருகிற அதே ஃப்ரானேதான். இருபத்தி இரண்டு வருஷமாக ஒரே ஜோடி, ஒருவர் புருவத்தை அசைத்தால் மற்றவருக்கு எந்தச் சீட்டு என்று தெரியும், ஊரே பயப்படும். அந்தக் காலத்தில் இருவரும் ஒரே கப்பல், அப்பா மூன்றாம் எஞ்சினியர், ஃப்ரானே அவருக்குக் கீழே எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிற ஆயிலர். ஒரு பிஸ்டனைப் பழுது பார்த்து மாட்டிய பிறகு அதற்குக் குளிர்நீர் போகிற வால்வைத் திறக்க அப்பா மறந்துவிட்டார். பிஸ்டன் சூடேறி வெடித்து, கப்பல் இரண்டு நாள் நின்றது. திறக்கச் சொல்லி ஃப்ரானேயிடம் சொல்லியிருந்தேன் என்று பதிவேட்டில் எழுதிவிட்டாராம். சொல்லவேயில்லை. அடுத்த துறைமுகத்தில் ஃப்ரானேயை இறக்கி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள், பிறகு எந்தக் கப்பலும் எடுக்கவில்லை. நிலக்கரியைச் சுடுகிற கோக் ஆலையில் கரித்தூளை விழுங்கிக்கொண்டு காலத்தைத் தள்ளினார். அந்த இருமல் இன்னும் போகவில்லை, உனக்கே தெரியும். தனக்குச் சொன்னார்களா, தான்தான் மறந்தேனா என்று ஃப்ரானே இத்தனை வருஷமும் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாராம்.

நான் அப்பாவைத் திட்டவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், நன்றாகத் திட்டினேன். இத்தனை வருஷம் அந்த மனுஷனுக்கு எதிரே உட்கார்ந்து எப்படியய்யா சிரித்தாய் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டே, "பொண்ணு எழுதிட்டா, நான் எழுதல" என்று மட்டும் சொன்னார். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு, போரா காற்று ஆளைத் தூக்குகிற அன்று, மேலே ஃப்ரானே வீடு வரை நடந்தே போனார். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னாராம், ஃப்ரானே கேட்டுக்கொண்டே நின்றாராம், முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டாராம். அந்த வியாழக்கிழமை ஃப்ரானேயின் நாற்காலி காலி. அப்பா யாரோடும் ஜோடி சேராமல் ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு வந்தார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, நல்லா வேண்டும் என்றும் இருந்தது.

போன வாரம் செவ்வாய்க்கிழமை கடைக் கதவு திறக்கிறது, ஃப்ரானே நிற்கிறார். என் கடைக்குள் அவர் வந்ததே கிடையாது, தலையில் வெட்டுவதற்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியில் ஒட்டியிருந்ததைப் படித்தார், உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தார். "இது நெஜமாவே அவ கையெழுத்துப் போட்டு ஆபீசுக்குக் குடுத்ததா?" என்று கேட்டார். ஆமாம் அண்ணே என்றேன். கொஞ்சம் இருமிவிட்டு, "அவ எஞ்சின்ல எத்தன சிலிண்டர்?" என்றார். எனக்கு அப்போது பதற்றத்தில் உருளைக்கிழங்குதான் ஞாபகம் வருகிறது, எண்ணிக்கை வரவில்லை. வீட்டில் ஒருத்தர் இருக்கிறார், அவரைக் கேளுங்கள் என்றேன். "அவன்கூட நான் பேசறதா இல்ல, நீ கேளு" என்றார். சரி என்று அவர் முன்னாலேயே அப்பாவுக்குப் போன் போட்டேன். யார் கேட்கிறது என்று கேட்டார், ஃப்ரானே அண்ணன் என்றேன். "பதினொண்ணுன்னு சொல்லு" என்றார். ஃப்ரானே எழுந்து போய்விட்டார், முடி வெட்டிக்கொள்ளவே இல்லை.

வியாழக்கிழமை ஆட்டத்துக்கு வந்தாராம். அப்பாவுக்கு ஜோடியாக இல்லை, எதிர் ஜோடியில் உட்கார்ந்தார். அப்பாவின் புருவம் முழுக்க அவருக்குப் பாடமாச்சே, ஒரு கை விடாமல் தோற்கடித்துவிட்டார். இவ்வளவு சந்தோஷமாகத் தோற்று வந்த மனுஷனை நான் பார்த்ததில்லை. இன்னும் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுவாரா, மாட்டாரா, அது அவர் பாடு, நாம் கேட்க முடியாது.

நேற்று மதியம் ஃப்ரானே அந்தத் துணிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து என் கடையில் வைத்தார். பதினொரு பித்தளை வில்லை, ஒவ்வொன்றிலும் எண் அடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சங்கிலி. சங்கிலியை இழுத்துக் காட்டி, இது அறாது என்றார். சாவியில் ஒன்று விடாமல் கட்டு, ரெனாட்டோவையும் கூட வைத்துக்கொண்டு கட்டு. ஆபீஸ் இன்னும் முடிவு சொல்லவில்லை, ஒந்தினா புருஷனும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். அந்தச் சீஃப் வேலை கிடைக்காமல் போனால் எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கும், மறைக்க மாட்டேன். ஆனால் ஃப்ரானே வாசலில் நின்று ஒன்று சொன்னார், அதை அப்படியே எழுதச் சொன்னார், எழுதுகிறேன். "சீஃபா ஏத்துறாங்களோ இல்லையோ, அது ஆபீஸ் கணக்கு. அவ கப்பல்னா இந்த வயசுலயும் நான் ஆயிலரா ஏறுவேன்னு எழுது."

அப்பா இதைக் கேட்டுவிட்டு மாடிக்குப் போய் உன் கற்றாழைக்குத் தண்ணீர் ஊற்றினார், முந்தின நாள்தான் ஊற்றியது, அழுகாமல் இருந்தால் சரி. உடம்பைப் பார்த்துக்கொள், எஞ்சின் அறையிலிருந்து வியர்வையோடு மேல்தளத்துக் காற்றில் நிற்காதே, மார்செலோவுக்கும் ரொட்டி கொடு. கடல் உனக்கு எப்போதும் வழி விடட்டும், உன் கை தொடுவதெல்லாம் நன்றாக ஓடட்டும், நீ நன்றாயிரு கண்ணே. சட்டைப் பையில் எதையும் போடாதே.

உன்னை நினைத்துத் தலை நிமிர்ந்து நடக்கும்
அம்மா நெதெல்கா