வெள்ளிக் கால்

சேசு மரி சூசை

கொச்சிக்கடை, கொழும்பு
9 ஜனவரி 1947

அன்பான அம்மாவின் பாதத்துக்கு மகன் கஸ்பார் எழுதிக்கொண்டது.

பயப்படாதீர்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போகும்போது ட்ராம் தண்டவாளத்தில் முன்சக்கரம் மாட்டிக்கொண்டது. விழுந்ததில் வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். ஆபீசில் லீவு கொடுத்துவிட்டார்கள்.

ஆகையால் தவக்காலத்துக்கு முன்னே ஞானசௌந்தரி வீட்டில் பரிசம் போட என்னால் வர முடியாது. அவர்களிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். கூட இருக்கும் விக்டர் என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறான். யாரையும் அனுப்ப வேண்டாம்.

தங்கள் மகன்,
கஸ்பார்


சேசு மரி சூசை

தூத்துக்குடி
20 ஜனவரி 1947

என் ராசா கஸ்பாருக்கு அம்மா பிலோமினா ஆயிரம் முத்தம் கொடுத்து எழுதுவது.

உன் காகிதம் வந்த அன்று உலையில் கிடந்த சோறு குழைந்து கஞ்சியானது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். காயப்போட்ட மீன் காக்கைக்குப் போயிற்று. அந்தச் சனியன் பிடித்த சைக்கிள் வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னேன்? கடலில் விழுந்தால் நம் பிள்ளைகள் நீந்தி வந்துவிடும். ரோட்டில் விழுந்தால் என்ன செய்யும்?

பெரிய கோயில் மாதாவுக்கு வெள்ளியில் கால் செய்து வைப்பதாக நேர்ந்துகொண்டேன். ஆசாரியிடம் வலது கால், வலது கால் என்று அவர் காது புளிக்கச் சொல்லிச் செய்து வாங்கிக் கட்டியும்விட்டேன். ஞானசௌந்தரி என்ன செய்தாள் தெரியுமா? கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் முழங்காலிலேயே நடந்து வந்தாள். எழுந்தபோது சேலையில் ரத்தம். "எதுக்குளா இப்பிடி?" என்றேன். "அவுக நடக்கணும்லா, மாமி" என்றாள். அத்தனை பேர் பார்க்க அழுதுவிட்டேன். பரிசம் தள்ளிப் போனால் போகட்டும், கால்தான் முக்கியம் என்று அவள் அப்பாவும் சொல்லிவிட்டார்.

செபாஸ்டின் தண்டல் ஓட்டும் தோணி இந்த நடை கொழும்புக்குத்தான் சரக்கு ஏற்றுகிறது. யாரையும் அனுப்பாதே என்றால் எனக்கு மனசு கேட்குமா? முறிவெண்ணெய்க் குப்பியும் கருப்பட்டியும் அவரிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். கட்டுப் பிரித்த பிறகு இளஞ்சூட்டில் தேய்த்துக்கொள். அதற்குள் காலை ஊன்றினாயோ, தெரியும் சேதி.

உன் அம்மா,
பிலோமினா


தூத்துக்குடி
6 பிப்ரவரி 1947

கஸ்பாருக்கு,

இந்தத் தடவை முத்தம் இல்லை.

தண்டல் திரும்பி வந்தார். எண்ணெய்க் குப்பியை என் முன்னால் வைத்தார். "ஏளா பிலோமினா, ஒம் மவன் மாடிப்படியில ரெண்டு ரெண்டாத் தாண்டி எறங்கி வாரான். இந்த எண்ணெய ஆருக்குளா தேய்க்க?" என்று கேட்டார். அவரைக் கண்டதும் நொண்டினாயாமே! அதுவும் இடது காலை!

அங்கேயே அவர் விக்டரைப் பிடித்து உலுக்கியதில் அவன் எல்லாவற்றையும் கக்கிவிட்டான். சைக்கிள் முன்கம்பியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாளாம். தையல் கடையில் வேலை செய்கிற சிங்களப் பிள்ளையாம், அந்தோனியார் கோயிலில் பழக்கமாம். முறிந்தது அவள் கால். கூட்டம் கூடியதும், தூத்துக்குடிக்காரன் எவனாவது பார்த்துவிடுவான் என்று அவளை ரோட்டில் போட்டுவிட்டு ஓடினாயாமே. இன்றுவரை ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லையாமே. பாவி, அவள் காலை எடுத்து உன் கால் என்று எனக்கு எழுதினாயே!

சிங்களப் பிள்ளை என்றதும் எனக்குச் சுருக்கென்றது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நீ ஓடினாய் என்று கேட்டதும் அது எங்கே போயிற்றோ தெரியவில்லை. வேறொரு வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. உன்னைப் பெற்றவள் என்கிற வெட்கம்.

ஞானசௌந்தரி வீட்டுக்கு நானே போய்ச் சொன்னேன். அவள் அப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே போய்விட்டார். அவள் முழங்காலில் இன்னும் பொருக்கு உதிரவில்லை. "அப்போ அந்தப் பிள்ளைக்கு அங்கன ஆரு இருக்கா, மாமி?" என்று மட்டும் கேட்டாள். இப்போதெல்லாம் பூசைக்குப் போனால் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கடைசியில் நிற்கிறேன்.

மாதாவுக்குக் கட்டியதைத் திரும்பக் கேட்க முடியாது. அது அந்தப் பிள்ளையின் காலாகவே இருக்கட்டும். பேர் தெரியாமல் எப்படி வேண்டிக்கொள்வது? அவள் பேரை எழுது. எண்ணெயைத் தண்டலிடமே மறுபடி கொடுத்துவிட்டிருக்கிறேன். அது உனக்கல்ல. உன் கையால் கொண்டுபோய் அவளிடம் கொடு. அதுவரை எனக்குக் காகிதம் போடாதே.

பிலோமினா


கொச்சிக்கடை
17 பிப்ரவரி 1947

அம்மாவுக்கு,

அவள் பேர் ரோஸலின்.

இன்று போனேன். வார்டு வாசலில் நெடுநேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனேன். என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தாள். முடியவில்லை. தனக்குத் தெரிந்த தமிழில், "உங்கள் கால் நல்லாயிட்டதா?" என்று கேட்டாள்.

எனக்கும் கால் முறிந்துவிட்டது, வர முடியாது என்று விக்டரிடம் சொல்லி அனுப்பியிருந்தேன், அம்மா. உங்களுக்கு எழுதிய அதே பொய். என் காலுக்காக அவளும் படுத்த இடத்திலிருந்தே அந்தோனியாருக்கு மெழுகுவத்தி நேர்ந்திருக்கிறாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். பரிசத்தையும் சொன்னேன், ஓடியதையும் சொன்னேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தக் கால் இனிக் கொஞ்சம் குட்டையாகத்தான் இருக்கும் என்று நர்ஸ் சொன்னாள். அதையும் கேட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஞானசௌந்தரி வீட்டுக்கு மன்னிப்புக் கேட்டு நானே எழுதுகிறேன். அதையும் உங்கள் தலையில் கட்டமாட்டேன்.

மணி அடித்து எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்கள். குப்பியை நீட்டி, அம்மா கொடுத்தனுப்பியது என்றேன். திரும்பாமலே கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவங்களை நான் கும்பிட்டேன் என்று எழுதுங்க. நீங்க நாளைக்கு வர வேண்டாம்."

எழுதிவிட்டேன், அம்மா. நாளைக்கும் போவேன்.

கஸ்பார்