டின்னின் அடியில் இருந்த பெயர்

ஜூலை 9, செவ்வாய்

புழுக்கம். மேகம் மட்டும், மழை இல்லை. மகள் வாங்கி அனுப்பிய ஓவன் வந்துவிட்டது. போனில் இரண்டு முறை, "கரி புடிச்ச கேக் டின்ன அப்படியே உள்ள வெக்காதம்மா."

அடியை நான் தேய்ப்பதே இல்லை. மண்ணெண்ணெய் அடுப்பில் வைத்த காலத்துக் கரி. கறுப்பு அடிதான் சூட்டை நன்றாக வாங்கும். உள்ளே பளிச்சென்று இருந்தால் போதும். என் சட்டம். ஓவனுக்காக இன்று மீறல்.

புது வேலைக்காரி தனத்திடம் சொன்னது: சோடா கூடாது, அலுமினியம் கறுக்கும். புளித்தண்ணீரில் கொதிக்கவிடு. ராத்திரி முழுக்க ஊறட்டும். பிறகு தேய்.

தலையாட்டினாள். கேட்டாளா, தெரியாது.

10, புதன்

தனம் கொல்லையிலிருந்து கத்தல். "பெரிம்மா, அடியில எழுத்து கீது! புள்ளி புள்ளியா!"

கண்ணாடி போட்டுப் பார்த்தேன். 'ரோ.'

நான் விசாலாட்சி. 'வி.' அல்லவா இருக்க வேண்டும்?

ரோசலின். கான்வென்ட்டில் என் பெஞ்ச். கல்யாணத்துக்குப் பிறகும் சிநேகம். ஒரே கடையில் ஆளுக்கொரு டின் வாங்கி, அங்கேயே பெயர் வெட்டிக்கொண்டோம். ஒரு கிறிஸ்துமஸுக்கு இங்கே சேர்ந்து கேக் சுட்டோம். மறுவாரம் வாசலில் வந்து நின்றாள். "டின்னு மாறிப்போச்சுடி. அடிய தேய்ச்சிப் பாரு."

"என்னைத் திருடி என்கிறாயா?" என்றேன். அதன்பின் அவள் வரவில்லை. முப்பது வருடம்.

இத்தனை நாள் நான் யார் மேல் கோபமாக இருந்தேன்? தனத்துக்குத் தேய்க்க அரை மணிதான் ஆனது.

மாத்திரை போட மறந்தேன்.

11, வியாழன்

ரோ. இப்போது கனகம்மாசத்திரத்தில், மகன் வீட்டில். என் மகளுக்கு அந்த மகனோடு பழக்கம்; அவளிடம் நம்பர் வாங்கினேன். ஏன் என்று கேட்டாள். சும்மா என்றேன்.

போன் போட்டேன். "ஆங், யாரு?" அதே குரல். வைத்துவிட்டேன்.

தனத்திடம் டின்னைக் கொடுத்தனுப்பலாமா? வெறும் பாத்திரமாகவா? சேச்சே.

12, வெள்ளி

காலையில் அவளே கூப்பிட்டாள். "யாரு போன் பண்ணிட்டு வெச்சது?"

"நான்தான், விசாலம். டின்னின் அடியில் உன் பெயர்."

அவள், "முப்பது வருசம் ஊற வெச்சித் தேய்ச்சியாடி?"

சிரிக்கிறாளா, திட்டுகிறாளா? புரியவில்லை.

"என் டின்?"

"இங்கதான் கீது. 'வி.' அப்படியே கீது. நான் அடியும் தேய்க்கிறவ."

"அன்றே கொண்டுவந்து காட்டியிருக்கலாமே?"

"திருடியான்னு கேட்டவ வாசல்ல திரும்பி வந்து நிப்பேனா?"

மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரவில்லை; "உன் டின்னைக் கொண்டுவருகிறேன்" என்றேன்.

"ஞாயித்துக்கெழம வா," என்றாள். "வெறும் டின்ன தூக்கினு வராத."

வாங்க: மைதா, முட்டை 4, வெண்ணெய், திராட்சை.

14, ஞாயிறு

விடியலில் தூறல். அவள் டின்னில்தான் சுட்டேன். நடுவில் குழி. புது ஓவனா, என் கையா, தெரியவில்லை. குழி விழுந்த கேக்கை நான் யார் வீட்டுக்கும் கொண்டுபோனதில்லை. இன்னொன்று சுட நேரமில்லை, எட்டரைக்குப் பஸ்.

டின்னோடு துணியில் கட்டிவிட்டேன். குழியோடு.