ஆலப்பாக்கம் நிறுத்தம்

அப்பா,

இன்று கடலூர் முதுநகர் தாண்டியதும் பேருந்து ஜன்னல் வழியாகத் தொழிற்சாலைகளின் அந்த ரசாயன வாடை வந்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். நான் பொத்தவில்லை. கடலூர்–சிதம்பரம் தடத்தில் கண்டக்டராக வாழ்நாளைக் கழித்த உங்கள் காக்கிச் சட்டையில், எவ்வளவு துவைத்தாலும், இதுதான் இருக்கும்.

மறதி நோய் முற்றியபின் வீட்டில் நீங்கள் என்னை அறியவில்லை. சோறு ஊட்டினால், "நீங்க நர்ஸாம்மா?" என்பீர்கள். பழகிய இடத்துக்குப் போனால் சில ஞாபகங்கள் எழலாம் என்றார் மருத்துவர். நான் நம்பவில்லை. வேறு வழி தெரியாமல்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பேருந்தில் ஏற்றினேன்.

ஏறியதுமே முதுகு நிமிர்ந்தது. ஒவ்வொரு ஊரும் வருமுன்னே அதன் பெயரைக் கூவினீர்கள். இளம் கண்டக்டர் சிரித்தார்: "மாமா, விசிலையும் நீங்களே வாங்கிக்குங்க. நான் தூங்குறேன்."

"தூங்குவ, தூங்குவ. படியில தொங்குறானுங்க பாரு, அவனுங்கள மொதல்ல உள்ள ஏத்து."

ஆலப்பாக்கத்தில், பல்கலைக்கழகத்தில் படித்த நாட்களில் உங்கள் வண்டியில் நான் ஏறிய அதே நிறுத்தத்தில், வண்டி நின்றது. என் பக்கம் திரும்பினீர்கள்.

"ஏன் பாப்பா, சாப்டியா? மூஞ்சி வாடிக் கெடக்கு."

சிதம்பரத்தில் இறங்கியதும் மறுபடி நான் யாரோ. ஆனாலும் ஞாயிறுதோறும் போனோம். நீங்கள் அடையாளம் கண்டது என்னையல்ல, அங்கே ஏறும் இருபது வயதுப் பெண்ணை. அது எனக்குத் தெரியும். அதுவே போதும் என்றிருந்தேன்.

பிறகு நான்கு வழிச் சாலை திறந்தது. பேருந்து ஊருக்குள் நுழையாமல் புறவழியில் போனது. நீங்கள் வெளியே பார்த்தபடியே வந்தீர்கள். எந்த ஊரையும் கூவவில்லை.

"ஆலப்பாக்கம் எப்பம்மா வரும்?"

"தாண்டிட்டோம்ப்பா."

"எப்படித் தாண்டும்? நான் கூப்புடவே இல்லியே." எழுந்துவிட்டீர்கள். "எம் பொண்ணு அங்க நிக்கிறா. வண்டிய நிறுத்தச் சொல்லும்மா."

"நாந்தாம்ப்பா அது" என்று கையைப் பிடித்தேன். கையை உருவிக்கொண்டீர்கள்.

அடுத்த வாரம் வாடகைக் காரில் பழைய சாலை வழியே கூட்டிப்போனேன். அதே நிறுத்தம்தான். ஆனால் விசில் இல்லை, கூட்டம் இல்லை, படியில் யாரும் தொங்கவில்லை. நீங்கள் தூங்கிவிட்டீர்கள். அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை.

போனவர்கள் நம் நினைவில் இருப்பார்கள் என்று துக்கம் விசாரிக்க வந்தவர்கள் சொன்னார்கள். "சாப்டியா" என்று கேட்ட குரலை வீட்டில் உட்கார்ந்து எத்தனையோ முறை வரவழைத்துப் பார்த்தேன். சொல் வருகிறது, குரல் வரவில்லை. இந்தப் புறவழியில் மட்டும் உங்கள் குரல் கேட்கிறது. அது என்னை யாரென்று அறியாமல், என்னைத் தேடுகிறது.