சுவரைப் பார்த்த ஜெனரால்

12 ஏப்ரல் 2005, செவ்வாய்

வழக்கம்போல அண்ணன் விடிகாலை சுபுஹு தொழுகைக்கு முன் ஜெனரால் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். வழக்கம்போல நான் காபிக்கு முன் திருப்பி வைத்தேன். ஆணி ஆடுகிறது. ஆடாமல் என்ன செய்யும், தினம் இரண்டு திருப்பு, நாற்பத்து மூன்று வருஷமாக.

பிரெஞ்சுக்காரர் தெ கோல் படத்தை அத்தா நாற்பத்தாறில் சண்டை முடிந்து வந்ததும் சட்டம் போட்டு கூடத்தில் மாட்டினார். ஹிட்லரிடம் பிரான்ஸ் தோற்றபோது “இன்னும் தோற்கவில்லை” என்று ரேடியோவில் சொன்னவர் என்பதால் அத்தாவுக்கு அவர் தெ கோல் இல்லை, ஜெனரால்தான். அந்தக் குரலை நம்பித்தான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து புதுச்சேரியிலிருந்து கப்பல் ஏறினாராம். சொன்னார், ஜெயித்தார், எங்களை வீட்டுக்கு அனுப்பினார் – இந்த மூன்றையும் எப்போதும் ஒரே மூச்சில் சொல்வார். ஜெனரால் ரேடியோவில் பேசிய நாளென்று ஒவ்வொரு ஜூன் பதினெட்டுக்கும் அத்தா சவரம் செய்து, மெடல் குத்தி, பிள்ளைகள் எங்கள் எல்லோருக்கும் ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுப்பார். அந்த வெண்ணெய் வாசனை இப்போதும் வருகிறது.

அண்ணனும் அதே ராணுவத்தில் சேர்ந்து அல்ஜீரியாவில் விடுதலை கேட்டவர்களை அடக்கப் போனார். அறுபத்திரண்டில் திரும்பி வந்த மறுநாள் விடிகாலை, “படம் பாத்துக்கிட்டிருந்தா தொழுகை கூடாது” என்று சொல்லிப் படத்தைத் திருப்பினார். அத்தா தொழுகை முடியக் காத்திருந்தார். திருப்பி வைத்தார், காபி குடித்தார். அன்று தொடங்கியது. இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

எண்பத்தெட்டில் அத்தா மவுத்தானார். மறுநாள் காலை படம் சுவரைப் பார்த்தபடியே இருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து அத்தாவின் வேலை எனக்கு.

19 ஏப்ரல், செவ்வாய்

பழைய பிரெஞ்சுச் சிப்பாய்கள் சங்கத்துச் செயலாளர் விஜயராகவன் வந்தார். அவர் அப்பாவும் அத்தாவும் ஒரே கப்பலில் போனவர்கள். மே எட்டாம் தேதியோடு சண்டை முடிந்து அறுபது வருஷமாகிறதாம். விழாவுக்கு அத்தா மாட்டிய ஜெனரால் படம் வேண்டும், பிறகு சங்கத்துக் கூடத்திலேயே நிரந்தரமாக இருக்கட்டும் என்றார்.

பக்கத்து வீட்டு ராமலிங்கம் பேப்பர் வாங்க வந்தவர் காதில் விழுந்துவிட்டது. “அம்பத்துநாலுல விடுதலை கேட்ட எங்களத் தடியால அடிச்சாங்களே டீச்சர், அந்தக் கூட்டத்துத் தலைவனுக்கா மாலை போடப் போறீங்க?”

அப்போது அவர் ஆட்சியிலேயே இல்லை என்றேன். கேட்டால்தானே.

“அவரு இல்லன்னா பிரான்சே இல்லிங்க. எங்கப்பாவும் இல்ல,” என்றார் விஜயராகவன்.

“ஒங்களுக்கு இல்ல. எங்களுக்கு என்ன?”

பாதி முத்தியால்பேட்டைக்குக் கேட்டிருக்கும். இருவரும் என் டீயை மட்டும் ஒற்றுமையாகக் குடித்தார்கள். அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவில்லை.

27 ஏப்ரல், புதன்

அண்ணன் விழுந்துட்டார். குளிக்கிற ரூம்ல. வலது கை வரல, பேச்சு குழறுது. கோரிமேட்டு ஆஸ்பத்திரி. யா அல்லா. வேற எழுத முடியல.

30 ஏப்ரல்

உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். உடை மாற்ற வீட்டுக்கு வந்தேன். காபிக்கு முன் கை தானாகச் சுவருக்குப் போயிற்று. ஜெனரால் முன்பக்கமாகத்தான் இருந்தார். திருப்ப ஒன்றுமில்லை.

5 மே, வியாழன்

படத்தைக் கொடுத்துவிட்டேன். விஜயராகவன் துணியில் சுற்றி எடுத்துப் போனார். அத்தாவுக்கு மரியாதை, அண்ணனுக்கு நிம்மதி. அவர் வீட்டுக்கு வந்ததும் எதையும் எட்டித் திருப்ப வேண்டியதில்லை. நல்ல காரியம்தான் செய்திருக்கிறேன்.

சுவரில் நாலு மூலையும் வெளுக்காத ஒரு சதுரம்.

9 மே, திங்கள்

விழா நேற்று நன்றாக நடந்தது. அத்தா பெயரை வாசித்தபோது அழுதேன். இன்று ஆஸ்பத்திரியில் சந்தோஷமாகச் சொன்னேன்.

அண்ணன், “என்னக் கேக்காம குடுத்துட்டியா?” என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. “நாப்பத்து மூணு வருசமா அது மூஞ்சிய சொவத்துக்குத் திருப்புனது யாரு? நானா?”

வார்த்தை குழறக் குழறச் சொன்னார். நிறுத்தி நிறுத்தி.

“அல்ஜீரியாவுல ஊர்ப் பெரியவங்ககிட்டப் பேச என்னத்தான் அனுப்புவாங்க. நானும் முஸ்லிம்னு. எங்களோட நில்லுங்க, ஜெனரால் ஒங்களக் கைவிட மாட்டாருன்னு சொன்னேன். ஹாதின்னு ஒரு பெரியவரு நம்பி, ரெண்டு பிள்ளைங்களையும் எங்க பக்கம் சேத்துவிட்டாரு. கடைசில விடுதலை குடுத்துட்டு எங்களக் கப்பல்ல ஏத்துனாங்க. நம்பி வந்தவங்கள ஏத்தல, சாக விட்டுட்டாங்க. துறைமுகம் வரைக்கும் வந்து நின்னாரு அந்தப் பெரியவரு, ஷரீபா. என்னத் திட்டக்கூட இல்ல.”

“அத்தாகிட்ட ஏண்ணே சொல்லல?”

“அந்த ஆளு அத்தாவுக்குக் குடுத்த வாக்கக் காப்பாத்துனாரு. அத நான் எதுக்குக் கெடுக்கணும்? அதான் தொழுகைன்னு சொன்னேன்.”

கூடத்தில் ஜெனராலுக்குப் பக்கத்திலேயே தொங்கிய நகைக்கடை காலண்டர் பெண்ணை அவர் ஒருநாளும் திருப்பியதில்லை. எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன். டீச்சராம் நான்.

“அப்ப அது போனதுல என்னண்ணே?”

“தொழுதுட்டுப் படுத்திருப்பேன். நீ திருப்பும்போது சட்டம் சொவத்துல இடிக்கும். அத்தா எழுந்துட்டாருன்னு இருக்கும்.”

10 மே

சங்கத்துக்குப் போனேன். கூடத்தில் மாட்டி, கீழே அத்தா பெயரையும் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. “குடுத்தத எப்படிங்க டீச்சர் திருப்பிக் கேப்பீங்க?” என்றார் விஜயராகவன். மானத்தை விட்டு உட்கார்ந்திருந்தேன். நாலு மணிக்குக் கழற்றிக் கொடுத்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

ஆட்டோவிலிருந்து இறக்க ராமலிங்கம்தான் கை கொடுத்தார். “அடிச்சவன நானே தூக்க வேண்டியதாப் போச்சு,” என்றார். புது ஆணியும் அவரே அடித்தார்.

28 மே, சனி

அண்ணன் நேற்று வீட்டுக்கு வந்தார். விடிகாலை கூடத்தில் நாற்காலியில் உட்கார வைத்தேன். அப்படியேதான் தொழ முடியும். படத்தைப் பார்த்தார். கையைத் தூக்கப் பார்த்தார், வரவில்லை.

“ஷரீபா, திருப்பு.”

திருப்பினேன். தொழுது முடித்துப் படுத்தார். காபிக்கு முன் நானே திருப்பி வைத்தேன், சட்டம் நன்றாகச் சுவரில் இடிக்கும்படி.

3 ஜூன்

இரண்டு பேர் வேலையும் என் தலையில். கை வலிக்கிறது. குறையில்லை.

18 ஜூன், சனி

படத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனேன்.

“இன்னிக்கு வுட்டுடு. அத்தாவோட நாளு. நாற்காலிய உள் ரூம்ல போடு.”

உள்ளே போய்த் தொழுதார். வெளியே வந்ததும் இருவரும் ரொட்டி தின்றோம். வெண்ணெய் நான்தான் தடவினேன். அவருடையதில் ஓரம் வரை தடவவில்லை என்று குறை சொன்னார். அத்தா ஓரம் வரை தடவுவார்.

19 ஜூன், ஞாயிறு

திருப்பச் சொன்னார். திருப்பினேன்.